லினக்ஸ் நிறுவலில் சிக்கலா? எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியோ புதிய தலைமுறைச் செயலியோ இல்லாத, ஆனால் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிற கணினிகள் ஏராளம். அவற்றைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் உபுண்டு, மின்ட், டெபியன் என்று ஏதாவது ஒரு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, முதல்முறையாகத் தாங்களே நிறுவிப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. கணினியைத் திறந்ததும் ‘எதற்குள் போகலாம்’ என்று கேட்கும் பட்டியல் அந்தத் தலைமுறைக்குப் புதிதல்ல. ஆனால் அப்போது யாரோ நிறுவிக் கொடுத்தார்கள். இப்போது நாமே நிறுவ வேண்டியிருக்கிறது.

நிறுவியவர்கள் உதவி கேட்கும்போது சொல்வது பெரும்பாலும் “இன்ஸ்டால் பண்ணினேன், வரல” என்பதுதான். கணினி நிறுவனத்தின் லோகோவைத் தாண்டாமல் நிற்பதும் அதில் அடக்கம். கருப்புத் திரையின் மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருப்பதும் அடக்கம். எதுவுமே நடக்காததுபோல நேராக விண்டோஸுக்குள் போய்விடுவதும், கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் அதே உள்நுழைவுத் திரைக்கே திரும்பத் திரும்ப வருவதும் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஆனால் கிடைக்கிற ஆலோசனை மட்டும் ஒன்றே: “திரும்ப ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க.”

இந்த ஆலோசனையை நான் முழுமனதாக எதிர்க்கிறேன். எதற்கெடுத்தாலும் ஃபார்மட் அடிக்கிற பழக்கத்தின் மிச்சம் அது. மறுபடி நிறுவினால் பெரும்பாலும் அதே கோளாறு அதே இடத்தில் வந்து நிற்கும்; காரணம் வட்டில் இல்லாமல் பயாஸ் அமைப்பிலோ, பென் டிரைவிலோ, கிராஃபிக்ஸ் அட்டையிலோ இருக்கும். ஒருவேளை சரியாகிவிட்டாலும் ஏன் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை வந்தால் மறுபடி முதலிலிருந்து. லினக்ஸ் போன்ற, யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த இயங்குதளங்களின் பெரிய வசதி, அவை எங்கே நின்றன, ஏன் நின்றன என்பதைத் திரையிலோ லாக் என்ற பதிவேட்டிலோ எழுதிவைப்பதுதான். அதை வாசிக்காமல் அழிப்பது வீண்.

பவர் பொத்தானை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும் வரை வேலை கைமாறிக்கொண்டே போகிறது. முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளை இயக்கும் அடிப்படை நிரல். பழக்கத்தில் பயாஸ் என்றே சொல்கிறோம். அது வட்டில் ஃபேட் 32 முறையில் அமைந்த ஒரு சிறு பார்ட்டிஷனை, அதாவது வட்டின் ஒரு பகுதியைத் தேடி, அதிலிருக்கும் பூட் லோடர் என்ற, இயங்குதளத்தை எழுப்பும் நிரலை ஓட்டுகிறது. லினக்ஸில் அது பெரும்பாலும் கிரப். கிரப், இயங்குதளத்தின் மையமான கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தற்காலிகக் கோப்பு முறைமையையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு விலகுகிறது. கெர்னல் வன்பொருளை அடையாளம் கண்டு, இனிட்ராம்எஃப்எஸ் துணையோடு இயங்குதளம் இருக்கும் உண்மையான ரூட் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து இணைக்கிறது. பிறகு சிஸ்டம்டி என்ற நிர்வாக நிரல் பொறுப்பேற்று மற்ற பார்ட்டிஷன்கள், நெட்வொர்க், சேவைகள் என்று ஒவ்வொன்றாக எழுப்புகிறது. கடைசியில்தான் உள்நுழைவுத் திரை, அதன்பின் டெஸ்க்டாப். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் சம்ப்பில் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, மாடித் தொட்டி நிரம்பியதா, கேட் வால்வு திறந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்போமே, அதே வேலைதான் இங்கும். எதுவரை சரியாக வந்தது என்று தெரிந்துவிட்டால், அதற்கு முந்தைய கட்டங்களையெல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

முதல் கட்டத்துக்கும் முன்பே ஒன்று இருக்கிறது: பென் டிரைவ். இறக்கிய ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு பாதியில் அறுந்திருந்தால், நிறுவல் எழுபது சதவீதத்தில் ஏதோ ஒரு மென்பொருள் தொகுப்பின் பெயரைச் சொல்லி நிற்கும். பார்ப்பவர் வட்டைச் சந்தேகிப்பார். இறக்கிய கோப்பின் எஸ்ஹெச்ஏ256 மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, அந்த லினக்ஸின் தளத்தில் கொடுத்திருக்கும் மதிப்போடு ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். இதைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்தது, எந்த முறையில் பூட் ஆனது என்பது. பழைய பயாஸ் முறை, புதிய யூஇஎஃப்ஐ முறை என்று இரண்டு உண்டு. பல கணினிகள் இரண்டையும் ஏற்கும். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்க, பென் டிரைவ் பழைய முறையில் பூட் ஆகி லினக்ஸை நிறுவிவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. கணினி நேராக விண்டோஸுக்குள் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சோதிப்பது சுலபம்: பென் டிரைவிலிருந்து வந்த லைவ் டெஸ்க்டாப்பில் (நிறுவாமலே ஓடும் லினக்ஸில்) டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து, சிஸ் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்ற அடைவில் இஎஃப்ஐ என்ற உள்ளடைவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐ முறை, இல்லாவிட்டால் பழைய முறை. நிறுவத் தொடங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

நிறுவியின் பட்டியலில் வட்டே தெரியவில்லை என்றால் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி என்ற வட்டு நிர்வாக அமைப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். அதை ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினால் வட்டு தெரியும். ஆனால் அப்படியே மாற்றிவிட்டால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் நீலத்திரையில் விழுந்துவிடும்; முதலில் விண்டோஸை ‘சேஃப் மோடில்’ எழும்படி அமைத்துவிட்டு, பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுந்த பிறகு பழையபடி விட வேண்டும். பாதி ஆலோசனையை மட்டும் படித்துவிட்டு இறங்குவதால் நல்ல விண்டோஸும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

கிரப் கட்டத்தில் நின்றால் திரையே சொல்லும், அதுவும் நுணுக்கமாகச் சொல்லும். வெறும் ‘கிரப்’ என்று எழுதிக் காத்திருந்தால், கிரப் தன் பாகங்களைக் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் எதை ஏற்றுவது என்று சொல்லும் அமைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று வந்தால் தன் பாகங்களையே அது காணோம் என்கிறது. விண்டோஸிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தவர்களும் பார்ட்டிஷன் வரிசையை மாற்றியவர்களும் பார்ப்பது இரண்டாவதைத்தான். முதலாவதற்கு லைவ் பென் டிரைவில் எழுந்து, நிறுவிய பார்ட்டிஷனை இணைத்து, அதனுள் ‘சிஹெச்ரூட்’ செய்து, அதாவது அதற்குள் இருந்தே கட்டளை கொடுத்து, கிரப்பின் அமைப்பைப் புதுப்பித்தாலே பல நேரம் போதும். இரண்டாவதற்குக் கிரப்பையே மறுபடி பதிக்க வேண்டியிருக்கும். எப்படியானாலும் உங்கள் கோப்புகளைத் தொட வேண்டிய தேவை இல்லை.

இந்தக் கட்டத்தில் நடந்த ஒரு பெரிய சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு, ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் எழவில்லை. திரையில் ‘எஸ்பேட்’ என்ற பெயரோடு ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்றும், ‘சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்’ என்றும் வந்து கணினி அணைந்தது. லினக்ஸில் யாரும் எதையும் தொடவில்லை. முதல் நாள் வரை ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் பழையது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமிட்ட நிரல் மட்டுமே பூட் ஆகும். லினக்ஸ்கள் ‘ஷிம்’ என்ற சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்டிடம் கையொப்பம் வாங்கி வைத்திருக்கின்றன. ஷிம், கிரப்பைச் சரிபார்த்து ஓட்டுகிறது. 2020 ஜூலையில் கிரப்பில் ‘பூட்ஹோல்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, ஓட்டையுள்ள எண்ணற்ற பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் தடைப்பட்டியலில் சேர்க்க ஃபர்ம்வேரில் இடம் போதாது என்பது தெளிவானது. அதற்கு மாற்றாக வந்ததுதான் எஸ்பேட்: ஒவ்வொரு பூட் நிரலுக்கும் ஒரு தலைமுறை எண், கணினியில் ஒரு குறைந்தபட்ச எண். அதற்குக் கீழே இருப்பது எழாது. ஆகஸ்ட் புதுப்பிப்பு அந்தக் குறைந்தபட்ச எண்ணை உயர்த்தியது. இரட்டை இயங்குதளக் கணினிகளில் இது நடக்காது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் இரண்டு இயங்குதளம் இருப்பதை அந்தப் புதுப்பிப்பு எல்லாக் கணினியிலும் கண்டுபிடிக்கவில்லை.

மறுபடி நிறுவலாம் என்று பழைய பென் டிரைவை எடுத்தவர்களுக்கு அந்தப் பென் டிரைவும் எழவில்லை. அதிலிருந்த ஷிம்மும் பழைய தலைமுறைதானே! வட்டைச் சந்தேகித்தவர்கள், ரேமைக் கழற்றித் துடைத்தவர்கள் எல்லோரும் தவறான கட்டத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். செய்தியில் எஸ்பேட் என்ற சொல்லைக் கவனித்தவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது: பயாஸில் செக்யூர் பூட்டை நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், ‘மோக்யூடில்’ என்ற கருவியால் எஸ்பேட் கொள்கையை அழித்து, ஒருமுறை மறுபடி லினக்ஸில் எழுந்து, பின் செக்யூர் பூட்டை இயக்கினால் போதும். ஒரே எச்சரிக்கை, விண்டோஸ் பக்கம் பிட்லாக்கர் என்ற வட்டு மறையாக்கம் போட்டிருந்தால் செக்யூர் பூட்டைத் தொட்டதும் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பயாஸுக்குள் போகக் கூடாது.

கிரப்பைத் தாண்டிக் கெர்னல் கட்டத்துக்கு வந்தபின் ‘கெர்னல் பேனிக்’ என்று நின்று, ரூட் கோப்பு முறைமையை இணைக்க முடியவில்லை என்று சொன்னால், முதலில் நினைவுக்கு வரவேண்டியது பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கிறதா என்பது. புதுப்பிப்பின்போது புதிய கெர்னல் வந்துவிட்டது, அதற்கான இனிட்ராம்எஃப்எஸ் எழுத இடம் இல்லாமல் பாதியில் நின்றிருக்கும். கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் கணினி எழும். உள்ளே போய்த் தேவையற்ற பழைய கெர்னல்களை நீக்கிவிட்டுப் புதியதை மறுபடி அமைக்கலாம்.

‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்றே எழுதி நின்றால் இரண்டில் ஒன்று. ரூட் பார்ட்டிஷனின் யூயூஐடி என்ற அடையாள எண்ணைச் சொல்லி அது இல்லை என்றால் வட்டையோ அதன் இணைப்பையோ பார்க்க வேண்டும். எஃப்எஸ்சிகே என்ற கோப்பு முறைமைச் சோதனையைக் கையால் ஓட்டு என்றால், பெரும்பாலும் கரண்ட் போனபோது எழுதிக்கொண்டிருந்த கோப்பு முறைமை குழம்பியிருக்கிறது. அது சொன்ன பார்ட்டிஷன் பெயரைக் கொடுத்து அதே இடத்தில் ஓட்டினால் சரியாகிவிடும். யூபிஎஸ் இல்லாத வீட்டு டெஸ்க்டாப்களில் இது சர்வசாதாரணம். அடிக்கடி வந்தால் மட்டும் வட்டின் ஆயுளைச் சந்தேகியுங்கள்.

சிஸ்டம்டி கட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு எஃப்எஸ்டேப் கோளாறு. ஏனென்றால் அது தன் காரணத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ‘எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று ஒரு வரி. அருகில் ஒரு வட்டின் அடையாளம். நொடிகள் ஏறிக்கொண்டே போகும். எதிரே ஒன்றரை நிமிடம் என்ற வரம்பு. 90 நொடி முடிந்ததும் ‘எமர்ஜென்சி மோட்’. பலர் இந்த ஒன்றரை நிமிடம் பொறுமையில்லாமல் பவரை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, “ஹேங் ஆகுது” என்கிறார்கள். எட்சி அடைவில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று எழுதியிருக்கும். அங்கே குறிப்பிட்ட ஒரு வட்டு இப்போது இல்லை, அல்லது ஃபார்மட் செய்யப்பட்டதால் அதன் யூயூஐடி மாறிவிட்டது. அதற்காகத்தான் கணினி காத்திருக்கிறது. எமர்ஜென்சி மோடில் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், அந்த வரியின் முன்னால் ஒரு ‘ஹாஷ்’ குறி போட்டால் அடுத்த முறை எழுந்துவிடும். கூடுதல் வட்டுகளுக்கு ‘நோஃபெயில்’ என்ற சொல்லை அந்த வரியில் சேர்த்துவைப்பது நல்லது. அது இருந்தால், வட்டைக் கழற்றி வைத்திருந்தாலும் கணினி எமர்ஜென்சி மோடுக்குப் போகாது.

அதே கோப்பில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று சாதனப் பெயரால் எழுதுவது இன்னொரு பொறி. அந்தப் பெயர்கள் கண்டுபிடிக்கப்படும் வரிசைப்படி வருபவை. ஒரு பென் டிரைவ் செருகியிருந்தால்கூட மாறலாம். யூயூஐடி அப்படி மாறாது.

உள்நுழைவுத் திரை வர வேண்டிய நேரத்தில் கருப்பாகிவிட்டால் கிராஃபிக்ஸ். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எழுத்து வடிவில் உள்நுழைவு வந்தால் இயங்குதளம் முழுதாக எழுந்துவிட்டது, திரைக்கான டிரைவர் மட்டும்தான் கோளாறு. என்விடியா அட்டை உள்ள கணினிகளில், கிரப் பட்டியலில் ‘இ’ விசையை அழுத்திக் கெர்னல் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்று சேர்த்து எழுப்பினால் ஒரு தற்காலிக வழி கிடைக்கும். உள்ளே போய் முறையான டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். கடவுச்சொல் கொடுத்தும் உள்நுழைவுத் திரைக்கே திரும்புகிற கோளாறுக்கும் இதே கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 வழிதான். உள்ளே போய் வட்டு நிரம்பியிருக்கிறதா பாருங்கள். அடுத்து உங்கள் வீட்டு அடைவில் உள்ள கோப்புகளுக்கு உரிமையாளர் நீங்கள்தானா, ரூட் என்ற நிர்வாகியா என்று பாருங்கள். வரைகலைச் செயலி ஒன்றை ‘சூடோ’ போட்டு நிர்வாகி உரிமையோடு ஓட்டியதால் ‘எக்ஸ்அதாரிட்டி’ கோப்பு ரூட்டின் பெயருக்கு மாறிவிட்டிருப்பது வழக்கமான காரணம்.

வைஃபை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல வைஃபை சில்லுகளுக்குத் திறந்த மூலமல்லாத ஃபர்ம்வேர் கோப்பு தேவை. டெபியன் நெடுங்காலம் அதைத் தன் நிறுவியில் சேர்க்காமல் இருந்தது. 2022-இல் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவை மாற்றினார்கள், 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே இருக்கிறது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துத் தனியாக ஃபர்ம்வேரைத் தேடி அலைய வேண்டாம். அப்படியும் வராவிட்டால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டுக்கொண்டு, தேவையான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

காரணம் ஓரிடத்திலும் அறிகுறி வேறிடத்திலும் இருப்பதற்குக் கடிகாரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டுகிறதா? மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அந்த வித்தியாசம் 5 மணி 30 நிமிடம். சரியாக அந்த அளவு தவறினால் பேட்டரியை மாற்ற வேண்டாம்; ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையால் லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம், அல்லது விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் பொது நேரத்துக்கு மாற்றலாம். இரண்டாவதே சரியான முறை என்பது என் எண்ணம்.

ஆனால் தேதியே பல வருடம் பின்னால் போயிருந்தால் பேட்டரிதான். பழைய டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற நாணய அளவுப் பேட்டரி. பழைய கணினிக்கு லினக்ஸ் போடுபவர்கள் இதை அடிக்கடி சந்திப்பார்கள், ஆனால் அது பேட்டரி என்று தெரிந்திருக்காது. அவர்கள் பார்ப்பது இதுதான்: வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் உலாவி எந்தத் தளத்தையும் திறக்காமல் சான்றிதழ் செல்லாது என்கிறது, தொகுப்புப் பட்டியலைப் புதுப்பிக்க ‘ஏபிடி அப்டேட்’ கொடுத்தால் ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்கிறது. இன்டர்நெட் கோளாறு என்று நினைத்து டிஎன்எஸ், ப்ராக்ஸி என்று எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள். செய்தியில் ‘இன்னும்’ என்று ஒரு காலக்குறிப்பு இருக்கிறதே, அதைப் பிடித்தால் போதும். ‘டேட்’ என்று அடித்துப் பார்த்ததும் விஷயம் வெளிச்சமாகிவிடும்.

இயங்குதளம் எழுந்துவிட்ட பிறகு வருபவை அமைப்புச் சிக்கல்கள். இங்கே ஒரு விதியை நான் வலியுறுத்துவேன்: கடைசி எரரைப் பார்க்காதீர்கள், முதல் எரரைப் பாருங்கள். ஒன்று தவறினால் அதை நம்பியிருந்த பத்து சேவைகளும் வரிசையாக விழும். திரையில் மிஞ்சி நிற்பது பத்தாவதன் புலம்பல். லாக்கைக் காட்டும் ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையை, கணினி இந்த முறை எழுந்ததிலிருந்து வந்த பிழைகளை மட்டும் காட்டச் சொல்லி ஓட்டி, மேலிருந்து வாசிக்க வேண்டும். முந்தைய முறை எழுந்தபோது பதிவான லாக்கையும் அதுவே காட்டும். கணினி உறைந்து அணைத்த பிறகு இது மிகவும் உதவும்.

எரர் செய்தி பொய் சொல்வதுபோலத் தெரிகிற நேரமும் உண்டு. விண்டோஸ் நோட்பேடில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகள் அடங்கிய கோப்பு எழுதி லினக்ஸுக்குக் கொண்டுவந்து ஓட்டினால், ‘பேட் இன்டர்ப்ரெட்டர்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வரும். கோப்பு கண்முன்னே இருக்கிறது! இல்லை என்று சொல்லப்படுவது உங்கள் ஸ்கிரிப்ட் அல்ல, அதன் முதல் வரியில் குறிப்பிட்ட ஷெல், அதாவது கட்டளைகளை இயக்கும் நிரல். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு குறியீடுகளை இடுகிறது, யூனிக்ஸ் ஒன்றை மட்டும். கூடுதலாக நின்றுவிட்ட அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் ஷெல்லின் பெயரோடு ஒட்டிக்கொள்வதால், அப்படி ஒரு ஷெல் இல்லை என்கிறது கெர்னல். ‘கேட்’ கட்டளையோடு பெரிய ‘ஏ’ சேர்த்துப் பார்த்தால் வரிக்கு வரி அந்த எழுத்து தெரியும். ‘டாஸ்2யூனிக்ஸ்’ ஓட்டினால் முடிந்தது.

‘பர்மிஷன் டினைட்’ வந்ததும் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுக்கச் சொல்கிற ஆலோசனையும் ஃபார்மட் ஆலோசனைக்குத் தம்பிதான். வேறொரு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் உங்கள் எஸ்எஸ்ஹெச் தனிச்சாவிக்கு 777 கொடுத்துப் பாருங்கள். அனுமதி அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது என்று சொல்லி எஸ்எஸ்ஹெச் அந்தச் சாவியையே புறக்கணிக்கும். அதற்குத் தேவை 600, அதாவது உரிமையாளருக்கு மட்டும் வாசிக்க, எழுத அனுமதி. யாருக்கு அனுமதி இல்லை, எந்தக் கோப்பில் இல்லை என்று பார்க்காமல் எல்லோருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுவது இன்னொரு கோளாறை வரவழைப்பதுதான்.

தொகுப்பு நிறுவும்போது ‘குட் நாட் கெட் லாக்’ என்று வந்தால் அந்த லாக் (பதிவேடு அல்ல, பூட்டு) கோப்பை அழித்துவிடச் சொல்கிற ஆலோசனையையும் கேட்காதீர்கள். உபுண்டு பின்னணியில் தானாகப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுவிக்கொண்டிருக்கிறது. சில நிமிடம் பொறுத்தால் போதும். லாக்கை அழித்துவிட்டு இரண்டாவது நிறுவலை ஓட்டினால், இரண்டும் ஒரே தரவுத்தளத்தில் எழுதிக் குழப்பும். ஏற்கெனவே பாதியில் அறுந்திருந்தால் ‘டிபிகேஜி’ என்ற தொகுப்புக் கருவியை, மீதியை அமைக்கச் சொல்லி ஓட்டலாம்.

செய்தியை வாசிக்காமல் கடப்பதன் விலையை உலகமே பார்த்த ஒரு சம்பவம் 2021 நவம்பரில் வீடியோவாக வெளிவந்தது. யூடியூபில் பெயர்பெற்ற லினஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவ முயன்றார். அப்போது தொகுப்புக் களஞ்சியத்தில் சார்புகள், அதாவது ஒரு தொகுப்புக்குத் தேவையான மற்ற தொகுப்புகள், பொருந்தாத நிலை இருந்தது. ஸ்டீமை நிறுவ வேண்டுமானால் டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று தொகுப்புகளை நிறுவும் ஏபிடி கருவி பட்டியலிட்டது. உறுதியாகத் தெரிந்தால் ‘நான் சொல்வதைச் செய்’ என்று முழு வாக்கியமாக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் தட்டச்சு செய்தார், டெஸ்க்டாப் போய்விட்டது. தவறு அவருடையது மட்டுமல்ல என்பதுதான் என் கருத்து. ஒரு விளையாட்டுச் செயலியை நிறுவும்போது டெஸ்க்டாப் அழியும் நிலை வந்திருக்கவே கூடாது. பாப் ஓஎஸ் தரப்பு தொகுப்பைச் சரிசெய்தது. ஏபிடியை எழுதுபவர்களும் இவ்வளவு சுலபமாக அடிப்படைத் தொகுப்புகளை நீக்க முடியாதபடி கருவியை மாற்றினார்கள். ஆனாலும் நம் பக்கம் ஒரு கடமை உண்டு: ‘நீக்கப்படும்’ என்ற பட்டியலில் எதிர்பாராத பெயர் ஒன்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

சரியான மாற்றத்தைச் செய்தும் விளைவு தெரியவில்லை என்றால், நீங்கள் திருத்திய கோப்பை யாரும் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். டிஎன்எஸ் மாற்றுவதற்காக ‘ரிசால்வ் டாட் கான்ஃப்’ கோப்பில் எழுதுகிறோம். மறுபடி எழுப்பினால் பழையபடி இருக்கிறது. அந்தக் கோப்பின் முதல் வரிகளிலேயே இது சிஸ்டம்டி நிர்வகிப்பது, திருத்தாதே என்று எழுதியிருக்கும். மாற்ற வேண்டிய இடம் நெட்வொர்க் அமைப்பு.

தமிழ் தட்டச்சிலும் இதே கதை. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியை நிறுவி, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்த பிறகு ஒரு செயலியில் தமிழ் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை. விசைப்பலகையைக் குறைசொல்லத் தேவையில்லை. ஜிடிகே, க்யூடி என்பவை செயலி எழுதப் பயன்படும் இரண்டு கருவித்தொகுதிகள். ஜிடிகே-வில் எழுதிய செயலிக்கும் க்யூடி-யில் எழுதிய செயலிக்கும் உள்ளீட்டு முறையைச் சொல்லும் சூழல் மாறிகள் தனித்தனி. ஒன்று அமைந்து மற்றொன்று அமையாமல் இருக்கும். ஒரு செயலியில் சரியாக வருகிறது என்ற தகவலே தேடவேண்டிய இடத்தை முக்கால்வாசி குறைத்துவிடுகிறது. இரண்டையும் அமைத்து, வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் சரியாகும். மாறிகள் உள்நுழையும்போதுதான் வாசிக்கப்படுகின்றன.

சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இந்த ‘யாரும் வாசிக்காத கோப்பு’ ஆபத்தாகவே முடியும். உபுண்டு சர்வரில் கடவுச்சொல் மூலம் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவதைத் தடுக்க, முதன்மை அமைப்புக் கோப்பில் ‘பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் நோ’ என்று எழுதி, சேவையை மறுதொடக்கம் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே, ஒரு தனி அடைவில் உள்ள எல்லாத் துண்டுக் கோப்புகளையும் சேர்த்துக்கொள் என்று ஒரு வரி இருக்கிறது. கிளவுட் சர்வர்களில் அங்கே, சர்வரை முதலில் அமைத்துத் தரும் ‘கிளவுட்-இனிட்’ வைத்துவிட்டுப் போன கோப்பில் ‘யெஸ்’ என்று இருக்கலாம். எஸ்எஸ்ஹெச் சேவை, ஒரே அமைப்பு இரண்டு முறை வந்தால் முதலில் கண்டதையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதியது இரண்டாவது. கோப்பைத் திறந்து பார்த்தால் ‘நோ’. சர்வர் நடந்துகொள்வது ‘யெஸ்’ என்று. கடவுச்சொல்லை ஊகிக்கும் நிரல்கள் இரவு பகலாகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து, கோப்பை நம்பாமல் சேவையையே கேட்பது. எஸ்எஸ்ஹெச் சேவையின் நிரலைப் பெரிய ‘டி’ சேர்த்து ஓட்டினால், எல்லாக் கோப்பையும் சேர்த்து வாசித்தபின் உண்மையில் அமலில் இருக்கப்போகும் அமைப்பு முழுவதையும் அது அச்சிட்டுக் காட்டும். சிறிய ‘டி’ சேர்த்தால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. சூடோ அமைப்பைத் திருத்த ‘விசூடோ’ இருப்பதும் இதற்காகத்தான். எஸ்எஸ்ஹெச் அமைப்பை மாற்றும்போது இன்னொரு முன்னெச்சரிக்கையும் வேண்டும்: இப்போது உள்நுழைந்திருக்கும் டெர்மினலை மூடாமல் வைத்துக்கொண்டு, வேறொரு டெர்மினலிலிருந்து புதிதாக உள்நுழைந்து பாருங்கள். சேவையை மறுதொடக்கம் செய்தாலும் ஏற்கெனவே இருக்கும் இணைப்பு அறுவதில்லை. புதியது நுழைய மறுத்தால், பழைய டெர்மினலிலிருந்தே திருத்திவிடலாம்.